ஞாயிறு காலை பூங்காவுக்கு வாங்க
எல்லாருக்கும் வணக்கம். நம்ம காலனி பூங்காவில் பூச்சியும் பறவையும் தங்க என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்ல, பூச்சியியல் படித்த ஒருவர் ஞாயிறு காலை 7 மணிக்கு வருகிறார். கட்டணம் கிடையாது, காபி நம் பொறுப்பு.

அதுவரை வேலியோர எருக்கை வெட்டச் சொல்லாதீர்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த இலைதான் சாப்பாடு; அந்தப் புழு கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரி போட்டிருக்கும். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் புழுதான், மருந்து அடிக்க வேண்டாம். சருகையும் கொளுத்தாதீர்கள், தவிட்டுக்குருவிகள் கிளறி இரை தேடுவது அதில்தான்.

குரோட்டன்ஸ் வரிசையை எடுப்பதா என்ற சண்டையை அவர் எதிரிலேயே வைத்துக்கொள்ளலாம்! தோட்டக்காரர் அண்ணனும் கட்டாயம் இருக்கணும், தண்ணீர் விடுவது அவர்தானே. வருகிறவர்கள் இன்றிரவுக்குள் பெயர் போடுங்கள்.