அலுமாரிக்கு மேலே நான்கு பெட்டி

தம்பி,

சுகமாய் இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் நீல அடையாளம் விழுகிறது, பதில்தான் வருவதில்லை. அதனால் இந்த முறை கடிதமாகவே எழுதுகிறேன். பயப்படாதே, ஒன்றும் கேட்க எழுதவில்லை. நீ ஐசோபொட் வளர்க்கிற பெட்டிகளைப் பற்றி, கல்லுக்கும் பட்டைக்கும் கீழே ஒளிந்திருக்கிற அந்தப் பல கால் பூச்சிகளைப் பற்றிச் சொல்லத்தான்.

நான்கும் அலுமாரிக்கு மேலே வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஜூலையில் ஒரு பிழை விட்டுவிட்டேன். வெக்கை தாங்க முடியாத அந்தக் கிழமையில் எனக்கே தொண்டை காய்ந்தது, பாவம் இதுகளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து, அந்தக் கறுப்புப் பெரிசுகள் இருக்கிற பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் தக்கை மரப்பட்டையில் ஏறி வலைத் துவாரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, இரண்டு மட்டும் அடியில் மல்லாந்து கிடந்தன. அதற்குப் பிறகுதான் மூடியில் நீ ஒட்டிய துண்டை ஒழுங்காக வாசித்தேன். பாசி ஒரு மூலையில் மட்டும் ஈரம், மிச்சம் எல்லாம் காய்ந்தே இருக்க வேண்டும், காற்றுத் துவாரத்தை மூடக்கூடாது. நீ எழுதி வைத்துத்தான் போயிருக்கிறாய், நான்தான் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

ஸ்பெயினின் தெற்கே சுண்ணாம்புக்கல் மலைகளில் கோடை முழுக்க மழை இருக்காது, இதுகள் கல் வெடிப்புக்குள்ளே பகலைப் போக்கிவிட்டு இரவில்தான் வெளியே வரும் என்று நீ சொன்னது இப்போதுதான் விளங்குகிறது. இறால், நண்டுச் சாதி என்பதால் மூச்சுவிடக் கொஞ்சம் ஈரம் வேண்டும், ஆனால் சேறும் புழுக்கமும் ஆகாது. போன கிழமை ஒன்று பின்பக்கமாய் நகர்ந்து வந்து, வாலில் இருக்கிற அந்த இரண்டு கூர்முனைகளையும் ஈரப் பாசியில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. வாலாலேயே தண்ணீர் குடிக்குமாம். கால் மணித்தியாலம் குசினிக் கதிரையைப் போட்டு ஏறி நின்று பார்த்தேன், அப்பா விழப்போகிறாய் என்று கத்தினார்.

நீ தண்ணீர் குடிக்கிறாயா? ஒஸ்லோவில் குளிர் என்று தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும். இரவில் சோறு சமைக்கப் பஞ்சியாக இருந்தால் பாணும் முட்டையுமாவது சாப்பிடு.

கணவாய் ஓட்டுக்கு நீ கடையில் காசு கொடுத்து வாங்கினதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது நினைவிருக்கிறதா? பருத்தித்துறைக் கரையில் அது சும்மா ஒதுங்கிக் கிடக்கும், நாங்கள் சிலேட்டில் தேய்த்து விளையாடுவோம். இப்போது கணவாய் வாங்கினால் நானே ஓட்டைக் கழுவிக் காயவைத்து உடைத்துப் போடுகிறேன். தோல் கழட்டுவதற்கு அந்தச் சுண்ணாம்பு தேவையாம். ஒன்று கழட்டும்போது பார்த்தேன், பின் அரைவாசி கழன்று மங்கலாய் இருக்க, முன் அரைவாசி பழைய கறுப்பிலேயே நின்றது. இரண்டு நாள் அப்படியே ஒளிந்திருந்துவிட்டு முன்பக்கத்தையும் கழட்டி, கழட்டின தோலைத் தானே தின்றுவிட்டது.

அக்காவின் மகளுக்கு நான்தான் இப்போது விளக்கம் சொல்கிறேன். அந்த உருண்டைச் சாதி, அர்மாடில்லோ, அதைக் கையில் எடுத்தால் சுருண்டுகொண்டு உள்ளே காலை உரசும், விரலில் மெல்லிய அதிர்வு வரும். அவள் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, மாமா எவ்வளவு கெட்டிக்காரர் என்றாள். கெட்டிக்காரன்தான். ஆனால் நாலு மாதத்தில் ஒருக்காவாவது, அம்மா அதுகள் இருக்கிறதா என்று கேட்டாயா? உயிருள்ள பொருளை விட்டுப் போனவன் கேட்க வேண்டாமா?

சரி, அதை விடு.

வேலையில் நடந்ததைப் பற்றி அப்பா கேட்கவேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. கடைசியாக எடுத்தபோது நீ சொன்ன ஒரு வார்த்தைதான் போகமாட்டேன் என்கிறது. எல்லாம் என் பிழை அம்மா என்றாய், அதே குரலில். அந்தக் குரலை நான் முன்னரும் கேட்டிருக்கிறேன் ராசா, அதற்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன், எழுத வராமல் கணவாய் ஓடு, பாசி என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நீ பத்தாம் வகுப்பில் வைத்திருந்த முதல் பெட்டி. அம்மம்மாவின் திவசத்துக்கு ஆக்கள் வருகிறார்கள், வீட்டில் பூச்சி என்று கதைப்பார்கள் என்று, நீ பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போன அன்று இரவு அதைத் தூக்கிப் பல்கணியில் வைத்தேன். ஜனவரி மாதம். சமையலிலும் சனத்திலும் மறந்தே போனேன். இரண்டாம் நாள் நினைவு வந்து எடுத்தபோது மண் கல்லாய் உறைந்திருந்தது. நீ வருவதற்கு முன் உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டேன். நீ திறந்து பார்த்து அழுதாய், பிறகு கொப்பியில் எழுதினாய், ஈரம் கூடிவிட்டது, என் பிழை என்று. நான் பக்கத்தில் நின்றேன். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இனி இதெல்லாம் வேண்டாம், படி என்று மட்டும் சொன்னேன். அந்தக் கொப்பி இன்னும் உன் மேசை லாச்சிக்குள் இருக்கிறது, போன மாதம் தூசி தட்டும்போது கண்டேன். நீ ஒரு பிழையும் விடவில்லை. நான்தான் கொன்றேன், நான்தான் இவ்வளவு வருடமும் சொல்லாமல் இருந்தேன். போனில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

துனீசியாப் பாலைவனத்தில் இருக்கிற ஒரு சாதி பற்றி நீ சொன்னாயே, தாயும் தகப்பனும் மாறி மாறி வளை வாசலில் காவல் நிற்கும், தன் குடும்பத்தை மணத்தால் அறிந்து மற்றவற்றை உள்ளே விடாது என்று. அதை அப்பாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.

இன்னொரு செய்தி. கறுப்புப் பெட்டியில் குஞ்சு வந்திருக்கிறது. நேற்று இரவு டோர்ச் அடித்துப் பட்டைக்குக் கீழே எண்ணினேன், 19. பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலில் ஒரு சோடி குறைவாய் இருந்தது, நான் பயந்துவிட்டேன், பிறகு அது அப்படித்தான் பிறக்கும், கடைசிச் சோடி தோல் கழட்டக் கழட்டத்தான் வரும் என்று உன் துண்டிலேயே இருந்தது. அதில் ஒன்றை மட்டும் எழுதவில்லை. குஞ்சுகளை வேறு பெட்டிக்கு மாற்றுவதா, தாயோடேயே விடுவதா? நீ சொல்லும் வரை நான் கை வைக்கமாட்டேன். அதற்கு மட்டுமாவது பதில் போடு.

அம்மா