துட்டும் டுயிட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியர் பணத்தைக் குறிக்க வழங்கும் ‘டுயிட்’ என்ற சொல் நம் ‘துட்டு’ கடல் கடந்து சென்றதற்குச் சான்று என்று தங்கள் ஞாயிறு மலரில் ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. இவ்விரு சொற்களும் உறவுடையவை என்பது உண்மை. ஆனால் அது தாய் மகள் உறவன்று, உடன்பிறந்தார் உறவு. இரண்டையும் ஈன்றது, ஏறத்தாழ ‘டொய்ட்’ என்று ஒலிக்கும் டச்சுச் செப்புக்காசு.

டச்சு நாட்டில் அந்நாளில் 160 டொய்ட் சேர்ந்தது, அந்நாட்டுப் பெருநாணயமான ஒரு கில்டர். 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1726 முதல் தன் முத்திரை பொறித்த டொய்ட்டுகளை அச்சிடச் செய்து கீழை நாடுகளுக்கு அனுப்பியது. ஜாவாவின் சந்தைகளில் புழங்கிய அந்தக் காசு ஜாவானிய மொழியில் ‘டுவிட்’ ஆயிற்று. காசு வழக்கொழிந்த பின்னும் பெயர் அழியாமல், பணம் என்னும் பொதுப்பொருளைப் பெற்றது. எழுத்து நடையில் ‘உவாங்’, பேச்சில் ‘டுயிட்’ என இந்தோனேசியர் வழங்குவது, நாம் ‘பணம்’ என்று எழுதிவிட்டுத் ‘துட்டு’ என்று பேசுவதைப் போன்றதே. பணத்தாசை மிக்கவரை ‘மாத்தா டுயித்தான்’, அதாவது துட்டுக் கண்ணர் என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான சொல்!

அதே கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்தது. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தையும் ஆண்டது. டகரம் சொல்லுக்கு முதலாகாது என்ற நம் மரபுக்கேற்ப முதலெழுத்துத் தகரமாகி, ஈற்று மெய் இரட்டித்து உகரம் பெற்று, அச்சொல் ‘துட்டு’ ஆனது. 1796 வரை டச்சுக்காரர் வசமிருந்த இலங்கைக் கரையோரத்தில் சிங்களவரும் அதனைத் ‘துட்டுவ’ என்றனர். அலுவலகத்தை யாழ்ப்பாணத்தார் ‘கந்தோர்’ என்பதும் இந்தோனேசியர் ‘கந்தோர்’ என்பதும் இவ்வாறே டச்சு மொழியின் ‘காந்தோர்’ என்ற ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை.

தமிழ் இந்தோனேசிய மொழிக்குச் சொல் கொடுத்ததே இல்லை என்று நான் கூறவில்லை. கப்பலை அவர்கள் ‘கப்பால்’ என்பதும், கடையைக் ‘கெடாய்’ என்பதும், வணிகத்தில் இடும் ‘முதல்’ என்பதை ‘மொடால்’ என்பதும் நம்மவர் கொண்டு சென்ற சொற்களால்தான். கொடுத்தவை இவ்வளவு இருக்க, கொடுக்காத ஒன்றையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

பள்ளி ஆசிரியர் பலர் தங்கள் மலரை வகுப்பில் எடுத்துக்காட்டுவதால், அடுத்த வாரமே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாகப்பட்டினம்