பிழைச் செய்தி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயலிகளையும் இணையப் படிவங்களையும் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கருவி என்றால் பழுதாகத்தான் செய்யும். அதில் எனக்குச் சண்டை இல்லை. பழுதான பிறகு நீங்கள் பேசும் விதம்தான் எரிச்சலைக் கிளப்புகிறது.

ஒரு நீளமான விண்ணப்பம். பெயர், முகவரி, சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் ஏற்றி 'சமர்ப்பி'யை அழுத்தினால் சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், "ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது. பிறகு முயலவும்." என்ன தவறு? படத்தின் அளவு கூடிவிட்டதா, சர்வர் படுத்துவிட்டதா, லாகின் காலாவதியாகிவிட்டதா? பிறகு என்றால் ஐந்து நிமிடமா, நாளைக்கா? முந்தைய பக்கத்துக்குப் போனால் நிரப்பிய கட்டங்கள் எல்லாம் காலி. பணம் கட்டும் பக்கமென்றால் இன்னும் மோசம். மறுபடி அழுத்தினால் இரண்டு தடவை பிடித்துவிடுமோ என்று விரல் தயங்கும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? பத்து விநாடிக்கு மேல் காத்திருக்க வைத்தால் கவனம் சிதறும், எவ்வளவு முடிந்தது என்று காட்டுங்கள் என்று கணினித் திரைகளை எளிதாகப் பயன்படுத்த வைப்பது பற்றி ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார். பிழைச் செய்தி குறியீட்டு எண்களை வீசாமல் எளிய மொழியில் இருக்க வேண்டும், சிக்கல் என்ன, தீர்வு என்ன என்று சொல்ல வேண்டும் என்பதும் அவருடைய 1994 வடிவமைப்பு விதிகள் பட்டியலில் உண்டு. உங்கள் துறையில் முதல் வருடப் பாடம் இது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. நீளமாக எழுத வேண்டியதை முதலில் வேறு இடத்தில் தட்டிவைத்து ஒட்டுகிறோம். பிழை வந்தால் திரையைப் படம் பிடித்து வைக்கிறோம். அணைத்துவிட்டு மறுபடி போடுகிறோம். சிக்கிக்கொண்ட நிரலும் நினைவகத்தில் தேங்கியதும் அதோடு போய்விடுவதால் பல நேரம் பலிக்கவும் செய்கிறது. அப்புறமும் ஆத்திரம் அடங்காவிட்டால் எழுந்துபோய் முகம் கழுவுகிறோம். சரி, எங்கள் கதை இப்படி. வயதானவர்களோ, "நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன்" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. உங்கள் ஒரு வரிச் சோம்பலுக்கு அவர்கள் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும்?

தட்டியதை அழிக்காதீர்கள். பணம் போனதா இல்லையா என்று அந்தத் திரையிலேயே சொல்லுங்கள். இந்த வருடம் வேறு புது வசதி எதுவும் வேண்டாம். பொத்தான்களின் நிறம் மாற்றும் வேலையையும் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

இப்படிக்கு,
ஒரு பயனர்