மான் துப்பாக்கி வாங்கப்போகிறவனுக்கு

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கே மூட்டுவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளையோடு டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போக எந்த ரைபிள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இங்கே வேட்டைப் பேச்சே முடிந்துபோனது. மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடையில் என் கைக்கு வந்ததெல்லாம் எஸ்டேட்காரர்களின் பழைய துப்பாக்கிகளும், காவலுக்கு வைத்திருந்த, இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315 ரைபிள்களும்தான்.

நீ அனுப்பிய ரைபிள் படத்தில் வால்நட் மரக் கட்டையும் சித்திர வேலையும் கண்ணைப் பறிக்கின்றன. காசு போயிருப்பதே அதில்தான். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள் அல்லவா, எண்ணெய் காணாமல் கிடந்து துருவோடு நம் கடைக்கு வரும். இஷாப்பூர் பார்க்க முரட்டுப் பண்டம். துடைத்து எண்ணெய் விட்டால், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் பழையபடி ஓடும். சித்திரக் கோடுகளில் ஏறிய துருவைச் சுரண்டி எடுப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும்.

அதற்காக மலிவானதெல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. வின்செஸ்டர் மாடல் 70 என்ற அமெரிக்க ரைபிளில் தோட்டாவைக் கவ்வி இழுக்க, ஜெர்மானிய மாசர் ரைபிள் பாணியில் நீளமான நகம் ஒன்று இருந்தது. 1964-இல் செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள். வேட்டைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதற்கு முந்தையவற்றுக்கு இன்றும் தனி மவுசு. 1990-களில் கம்பெனியே அந்த நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 1907-இல் புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரிக்பி .275 ரைபிளுக்குள் இருந்ததும் மாசர் போல்ட்தான்.

நீ வாங்கப்போகிற கடையில் ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, நுனியிலிருந்து உள்ளே இழுத்துப் பார். எங்கேயும் உரசக்கூடாது. உரசினால் மழை நாளில் மரம் ஊதிக் குழலைத் தள்ளும், குறி நகர்ந்துவிடும். வெடிக்காத டம்மி தோட்டா போட்டு போல்ட்டை மெதுவாகவும் இழு, வேகமாகவும் இழு. ஒருதரம் சிக்கினாலும் கீழே வைத்துவிட்டு வா.

என்னைக் கேட்டால், ஒரு சாதாரண .308 ரைபிள், மரத்துக்குப் பதில் சிந்தெடிக் கட்டை. மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பழகு. ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் விழுகிறதா என்று பார்க்காதே. குழல் ஆறிக்கிடக்கும்போது முதல் குண்டு தினமும் ஒரே இடத்தில் படுகிறதா என்று பார். மான் இரண்டாவது குண்டுக்கு நிற்காது.

குறிபார்க்கும் ஸ்கோப் விஷயத்தில் மாப்பிள்ளை சொல்கிறபடி செய். எனக்கு அதில் பழக்கம் போதாது.

அன்புடன்,
உன் பழைய கடைக்காரன்