சைரன் போட்டால் நட்டஈடு இல்லையா?

ஆசிரியருக்கு,

ஏ9 வீதியில் நோயாளர் காவுவண்டி ஒரு காரைத் தட்டிவிட்டால், "உயிர் காக்கப் போன வண்டி, ஒன்றும் கேட்க ஏலாது" என்று சந்தியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சட்டம் அப்படியில்லை. சைரன் வழி கேட்கும். சாரதியின் கவனயீனத்தை மூடாது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓரமாக நிறுத்திய மொறிஸ் மைனர் போன்ற பழைய காரில் கவனமின்றி இடித்தால் இடித்த தரப்பே பொறுப்பு. சைரன் கேட்டும் விலகாமல் ஓடியிருந்தால் கிடைக்கும் தொகை குறையும்.

வண்டியை மறிக்காதீர்கள், உள்ளே நோயாளி. சாரதியிடம் காசும் பேசாதீர்கள். அவர் சம்பளத்தில் தருவது நியாயமுமில்லை. இலக்கத்தகடு, ரயர்த் தடம், வெள்ளைக்கோடு தெரியப் படமெடுத்துப் பொலிசில் முறைப்பாடு பதியுங்கள். பிறகு வண்டி யாருடையது என்று பாருங்கள். மத்திய அமைச்சினது என்றால் 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி அரசு பொறுப்பு. சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்து ஒரு மாதம் கழிந்தே வழக்கிடலாம். மாகாணத் திணைக்களம், 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, தனியார் என்றால் பிரதிவாதி வேறு. எதுவானாலும் இரண்டு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். கந்தோருக்குக் கடிதம் போட்டுக் காத்திருந்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பெரிய இழுபறி பெறுமதியில். அப்பா ஓடிய கார் என்ற பாசத்துக்கு எங்கள் உரோமன் டச்சுச் சட்டம் சல்லி தராது. பண நட்டம் மட்டுமே. மைனரின் முன் மட்கார்ட் போல்ற்றில் பூட்டியிருப்பதால், வெளியே பார்த்து "ஒரு மட்கார்ட், பெயின்ற்" என்று மதிப்பீடு எழுதிவிடுவார்கள். கழற்றி உள்தகட்டைக் காட்டுங்கள். அசல் இரும்புக்குப் பதிலாக ஃபைபர் மட்கார்ட் தந்தால் எழுத்தில் மறுத்துவிடுங்கள். சில்லில் அடி விழுந்திருந்தால் ஓட்டிக்கொண்டு போகவே கூடாது: கீழே முன்சில்லைத் தாங்கும் மரை வெட்டிய மூட்டான ட்ரனியன் கழன்றால் சில்லு மடிந்து கார் மூக்குக்குத்தி இருந்துவிடும். லொறியில் ஏற்றுங்கள், ஏற்றுக்கூலிப் பற்றுச்சீட்டும் நட்டக் கணக்கில் சேரும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிக் களைத்த எஞ்சினை மாற்றியிருந்தால் பதிவுப் புத்தகத்திலும் மாற்றுங்கள். இலக்கம் பொருந்தாவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துத் தொங்கும். காரின் பெறுமதிக்கான மதிப்பீட்டுச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். இடிபட்ட பின் எடுக்கும் கடதாசியில் பழைய விலையை நிறுவுவது பெரும்பாடு.

வாசகர்கள்,
மாங்குளம்