மூளை வளர்த்ததாகச் சொன்ன செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 'ஆய்வகத்தில் மனித மூளை வளர்ந்துவிட்டது, இனி மூளைக் குறைபாடுகளுக்கு விடிவு' என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் தலை சிறுத்துப் பிறந்தவள். அன்று மதியத்துக்குள் உறவில் நான்கைந்து பேர் போன் செய்துவிட்டார்கள். "மூளையே வளர்க்கிறாங்களாமே, பாப்பாவுக்கு வைக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன்." பாசத்தில்தான் கேட்டார்கள். உங்கள் பத்திரிகையை நம்பியும் கேட்டார்கள்.

நீங்கள் மூளை என்று எழுதியது ஆர்கனாய்டு, அதாவது ஆய்வகத்தில் செல்களிலிருந்து வளர்க்கும் ஒரு சின்னத் திசு உருண்டை. அது சுமார் 4 மில்லிமீட்டர்தான் வளரும். ரத்தக் குழாய் கிடையாது, அதனால் நடுவில் இருக்கும் செல்கள் செத்துவிடும். கரு மூளை தொடக்கத்தில் எப்படி உருவாகிறது என்று பார்ப்பதற்கான மாதிரி அது. யாருக்கும் எடுத்து வைக்கிற உறுப்பு அல்ல. இது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

எழுத வேண்டியதை விட்டுவிட்டீர்கள். 2013இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டர், யூர்கன் க்னோப்ளிக் என்ற ஆய்வாளர்கள் என் மகளைப் போலவே தலை சிறுத்த ஒருவரின் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக, அதாவது வேறு வகை செல்களாக மாறக்கூடிய ஆதி செல்லாக மாற்றி, அதிலிருந்து இதை வளர்த்தார்கள். மரபணுப் பழுதால் மூளையின் ஸ்டெம் செல்கள் போதுமான அளவு பெருகும் முன்பே நரம்பு செல்களாக மாறிவிட்டன, அதனால்தான் மூளை சிறுத்தது என்று கண்டார்கள். எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இது சரியாகத் தெரியவில்லை. கிரகணத்தன்று வெளியே போனேன், பப்பாளி தின்றேன் என்று வருடக்கணக்கில் பழி கேட்டவள் நான். மகளின் சோதனையிலும் மரபணுதான் காரணம் என்று வந்தது. இதை நீங்கள் எழுதியிருந்தால் அதே உறவுக்காரர்கள் படித்திருப்பார்கள்.

2016இல் கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் வந்தபோதும், அதனால் தலை சிறுத்துப் பிறந்த பிரேசில் குழந்தைகளின் படங்களைப் பெரிது பெரிதாகப் போட்டீர்கள். அந்த வைரஸ் மூளை செல்களைக் கொல்வதை அந்நாட்டு ஆய்வாளர்களே ஆர்கனாய்டில் காட்டினார்கள். அதற்கு ஒரு வரி இல்லை.

அப்புறம், ஸ்டெம் செல் சிகிச்சையால் குணமாக்குவதாகச் சொல்லி நீங்கள் போடும் அந்த விளம்பரங்கள். பிசியோதெரபி கொடுக்கும் இடத்தில் பழகிய ஒரு குடும்பம் உங்கள் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் நிலத்தை விற்றுப் பணம் கட்டியது. பிள்ளை அப்படியேதான் இருக்கிறான். ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. அதைப் பற்றி எழுதிய என் கடிதம் வரவே இல்லை.

இப்போது கேட்பது ஒரு சின்னத் திருத்தம். அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் போடுங்கள். இடம் போதாமல் என் கடிதத்தைச் சுருக்கினாலும், ஆர்கனாய்டு உடம்பில் வைக்கிற உறுப்பு அல்ல என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ராஜபாளையம்