அருளப்பனை மறந்துவிட்டு எழுப்புதலைப் பற்றி எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். சென்ற இதழில் வந்த ஆவிக்குரிய எழுப்புதல், அதாவது சபை மக்கள் பாவத்தை உணர்ந்து மனந்திரும்பும் விழிப்பு, பற்றிய கட்டுரையில், மேல்நாட்டு ஊழியர்கள் கொண்டுவந்து கொடுத்ததைப் பெற்றுக்கொண்டவர்களே நாம் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. தங்கள் இதழைப் பல ஆண்டுகளாகச் சந்தா கட்டி வாசித்துவரும் எனக்கு, அதை இன்னொருவர் எழுதியதைவிடத் தாங்கள் திருத்தாமல் விட்டதுதான் அதிக வருத்தம் தந்தது.

ஜான் கிறிஸ்தியான் அருளப்பனைத் தாங்கள் அறியாதவர் அல்லர். 1810-ல் பிறந்து, பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்று, எந்த மிஷன் சங்கத்தின் சம்பளத்தையும் நாடாமல், வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டையை உருவாக்கி ஊழியம் செய்தவர் அவர். ரேனியஸுக்கும் ஆங்கிலேய மிஷனரி குரோவ்ஸுக்கும் அவர் கடன்பட்டவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், 1860-ல் அவருடைய மக்களிடையே ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் அழுது பாவ அறிக்கை செய்ததும், அந்த அனல் திருநெல்வேலிச் சீமையின் மற்றச் சபைகளுக்குப் பரவியதும் எந்த வெளிநாட்டுப் பிரசங்கியாரும் மேடையேறி நடத்திய காரியங்கள் அல்ல. இங்கிலாந்து மிஷன் ஏடுகளே அச்செய்தியை வெளியிட்டன. 1904-ஆம் ஆண்டின் வேல்ஸ் நாட்டு எழுப்புதலும் 1906-ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் எழுப்புதலும் அதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தவை.

1903-ல், பின்னாளில் பேராயரான அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியபோது, அதைத் தாங்கியது நம்முடைய மக்களின் காணிக்கையே. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மிஷன் கலயத்தில் போட்டுவிட்டே மற்றதைக் களைந்த என் தாயாரை, ‘பெற்றுக்கொண்டவர்’ என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

எங்கள் ஊரில் லெந்து என்னும் தவக்காலத்து மாலை ஜெபத்தை உபதேசியார் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடத்துவார். ஒருநாள் ஜெபம் முடியும் வேளையில் ஒரு பெரியவர் எழுந்து, பக்கத்துத் தோட்டத்தின் எல்லைக் கல்லை நகர்த்தியவர் தாமே என்று சபைக்கு முன்பாக அறிக்கையிட்டு, மறுநாள் காலையில் அதைப் பழைய இடத்திலேயே நட்டார். பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த இரண்டு குடும்பங்கள் அடுத்த அசனத்தில், அதாவது சபையின் பொது விருந்தில், ஒரே பந்தியில் அமர்ந்ததைச் சிறுமியாக இருந்த நான் கண்டேன். வேதத்தில் வரும் ஆயக்காரனாகிய சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னதை எங்களுக்கு விளக்க அதன்பின் பிரசங்கம் தேவைப்படவில்லை.

அண்மையில் ஒரு பெரிய மைதானக் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். காணிக்கை பலமுறை கேட்கப்பட்டது; ஆசீர்வாதம் ஓயாமல் அறிவிக்கப்பட்டது. வாங்கிய வரதட்சணையைத் திருப்பிக் கொடுத்தேன் என்றோ, சபைத் தேர்தலுக்காகத் தொடுத்த வழக்கை விட்டுவிட்டேன் என்றோ ஒரு சாட்சியைக்கூட நான் கேட்கவில்லை. சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் என்னும் வெட்கக்கேடு நம்முடைய ஊர்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. அதைத் தொடாத கூட்டங்களுக்கும் தங்கள் இதழ் எழுப்புதல் என்றே பெயர் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் வெளியிடுகிறது. அருளப்பனுடைய மக்கள் எதற்காக அழுதார்கள் என்பதை மறந்துபோனதால்தான், கூடிவந்த கூட்டத்தைக் கொண்டு ஆவியானவரின் கிரியையை அளக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த இதழில் அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தமும், 1860-ஆம் ஆண்டு நிகழ்வுகளைப் பற்றிப் பெட்டிச் செய்தியாகவாவது ஒரு குறிப்பும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பக்கம் போதாதென்றால் இக்கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்; அருளப்பனின் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நாசரேத் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.